பழைய கேம், பழைய கார்டு: ‘ஓடுமா?’ என்பது ஒரே கேள்வி அல்ல

“இருபது வருடத்துக்கு முந்தைய கேம்தானே, இந்தக் கிராபிக்ஸ் கார்டில் ஓடாமல் என்ன?” என்று ஒருவர் கேட்பார். “அந்தக் கார்டே காயலான் சரக்கு, அதில் எதுவும் ஓடாது” என்று இன்னொருவர் முடித்துவிடுவார். இருவரும் செய்யும் தப்பு ஒன்றுதான். இரண்டு பக்கத்தின் வயதையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறார்கள்.

வயதுக் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். 2002இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் என்ற கிராபிக்ஸ் கார்டில், 2003இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்’ ஓடாது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ அதே கார்டில் ஓடும். பின்னால் வந்தது ஓடுகிறது, முன்னால் வந்தது ஓடவில்லை. இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டால் மீதி விஷயம் பெரும்பாலும் புரிந்துவிடும். அதற்கு முதலில் கார்டு என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

## ஓவியர்கள் நிறைந்த கூடம்

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சற்றே மாற்றிப் பொம்மை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டினால் பொம்மை ஓடும். கணினி விளையாட்டும் அதே வித்தைதான். ஆனால் இங்கே பக்கங்கள் முன்கூட்டியே வரையப்பட்டிருப்பதில்லை. நீங்கள் மவுஸை அசைத்த பிறகுதான் அடுத்த பக்கம் வரையப்படுகிறது. அப்படி வரையப்படும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் பிரேம் என்று பெயர். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால், ஒரு படத்தை வரைய நொடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்கு நேரம்தான் கிடைக்கும். 30 பிரேம் போதும் என்றால் 33 பங்கு. இதற்குள் முடியாதபோது வருவதைத்தான் ‘கேம் திணறுகிறது’ என்கிறோம்.

இந்த வேலையைப் பகிர்ந்துகொள்பவர்கள் இரண்டு தரப்பினர். ஒரு பெரிய ஓவியக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் ஒரு மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். எதிரி எங்கே நிற்கிறான், கதவு திறந்திருக்கிறதா, குண்டு பட்டதா என்பதையெல்லாம் முடிவு செய்து, “இன்னதை இங்கே வரை” என்று சீட்டு எழுதி உள்ளே அனுப்புகிறார். அவர்தான் கணினியின் செயலி (சிபியு). கூடத்துக்குள் ஏராளமான ஓவியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பெரிய மேதை இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வரைவார்கள். அந்தக் கூடம்தான் கிராபிக்ஸ் கார்டு.

மனிதனோ மரமோ, உள்ளே வரும் எதுவும் முக்கோணங்களாக உடைக்கப்பட்டே வரும். அந்த முக்கோணங்களின் மேல் செங்கல், தோல், துணி என்று ஒட்டப்படும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர்.

இடையில் ஒன்று. 1996இல் வந்த ‘குவேக்’ போன்ற கேம்களுக்கு இந்தக் கூடமே தேவையில்லை. மேற்பார்வையாளரே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வரைந்துவிடுவார். அந்தக் காலத்துக் கேம்களில் பலவற்றில் இந்த வழி ஒரு தேர்வாக இருக்கும். அவற்றை அப்படி ஓட்டினால் கார்டைப் பற்றிய கவலையே வேண்டாம்.

## சீட்டு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது?

மேற்பார்வையாளரின் சீட்டு ஓவியர்களுக்குப் புரிய வேண்டும். அதற்காக ஒரு பொதுக் கட்டளை மொழி உண்டு. விண்டோஸ் கேம்களில் பெரும்பாலும் அது டைரக்ட்எக்ஸ், அடுத்தபடியாக ஓப்பன்ஜிஎல். இந்த மொழிகள் பதிப்புப் பதிப்பாக வளர்ந்தவை. டைரக்ட்எக்ஸ் 8 வந்தது 2000இல். ஒன்பதாம் பதிப்பு 2002இன் இறுதியில். பத்தாவது, விண்டோஸ் விஸ்டாவோடு சேர்ந்து கடைகளுக்கு வந்தது 2007இன் தொடக்கத்தில்.

இவற்றில் எட்டாம் பதிப்புதான் பெரிய திருப்பம். அதற்கு முன்பு ஓவியர்களிடம் சில ரப்பர் முத்திரைகள் மட்டும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு ஒன்று, மூடுபனிக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று. எந்த முத்திரையை எங்கே குத்துவது என்று மட்டுமே சொல்ல முடியும். எட்டாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று கேமை உருவாக்குபவரே குறிப்பு எழுதித் தர முடிந்தது. அந்தக் குட்டி நிரலுக்கு ஷேடர் என்று பெயர். தண்ணீரில் அலை நெளிவதும், ஈரத் தரை மின்னுவதும் இதன் உபயம்.

இப்போது புதிருக்கு வருவோம். 2001இல் வந்த ஜீஃபோர்ஸ் 3 ஷேடர் குறிப்பைப் படிக்கத் தெரிந்த கார்டு. ஓராண்டு கழித்து வந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ், பெயரில் நான்கு இருந்தாலும், அந்தக் குறிப்பைப் படிக்கும் வசதி இல்லாமல் விற்கப்பட்டது. முத்திரைக் காலத்துக் கார்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டியதுபோலத்தான். ‘இன்விசிபிள் வார்’ ஷேடர் இல்லாமல் வேலைக்கே வராது என்று அடம்பிடித்தது. ‘ஹாஃப்-லைஃப் 2’ தன் சீட்டுகளை டைரக்ட்எக்ஸ் 7, 8, 9 என்று பல பதிப்புகளிலும் எழுதி வைத்திருந்தது. பழைய கார்டைக் கண்டால் பழைய சீட்டை நீட்டும். தண்ணீரின் அழகு போய்விடும், கதை நடக்கும்.

இதைவிடக் கொடுமையான சம்பவம் 2007இல் நடந்தது. ‘பயோஷாக்’ வெளியானபோது, ஷேடரின் மூன்றாம் தலைமுறை தெரிந்த கார்டுதான் வேண்டும் என்றது. 2004இல் விலையுயர்ந்த வகையாக வந்த ரேடியான் எக்ஸ்800 கார்டுக்கு இரண்டாம் தலைமுறை வரைதான் தெரியும். அதே ஆண்டு வந்த, அதைவிடச் சாதுவான ஜீஃபோர்ஸ் 6600க்கு மூன்றாம் தலைமுறை தெரியும். ஆக, வலுவான கார்டு வாங்கியவர் வெளியே நின்றார். நடுத்தரக் கார்டு வாங்கியவர் மெதுவாகவாவது உள்ளே போனார். பிற்பாடு ரசிகர்களே ஷேடர்களைத் திருத்தி எழுதிப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். 2007இன் ஜீஃபோர்ஸ் 8400க்கு டைரக்ட்எக்ஸ் 10 தெரியும். 2006இன் ஜீஃபோர்ஸ் 7900க்குத் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான டைரக்ட்எக்ஸ் 9 கேமைக் கொடுத்தால் பழைய 7900தான் பல மடங்கு வேகமாக வரையும். அந்தக் காலத்து எண்களில் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும், அடுத்த இலக்கம்தான் வலிமையைச் சொல்லும். எட்டு பெரிதா ஏழு பெரிதா என்று பார்த்து வாங்கியவர்கள் அடுத்த இலக்கத்தைக் கவனிக்கவில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: ‘ஓடுமா?’ என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கார்டுக்கு அந்த மொழி தெரியுமா என்பது ஒன்று. தெரிந்தால் போதிய வேகத்தில் வரையுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் எந்தத் தரத்தைக் குறைத்தும் பலன் இல்லை. கேம் தொடங்கவே தொடங்காது, அல்லது கறுப்புத் திரையோடு நின்றுவிடும். தொடங்கித் திணறினால் அது இரண்டாவது கேள்வி. இனி அதைப் பார்ப்போம்.

## மேசை, கிடங்கு, நடுவே ஒரு சாலை

ஓவியர்களுக்கு வேண்டிய டெக்ஸ்சர்கள் பக்கத்திலேயே ஒரு மேசையில் இருக்க வேண்டும். அந்த மேசைதான் கார்டின் சொந்த நினைவகம். மேசையில் இடம் போதாவிட்டால் மிச்சம் கணினியின் பொது நினைவகத்தில் இருக்கும். அது தெருக்கோடியில் இருக்கும் கிடங்கு. வேண்டும்போதெல்லாம் ஆள் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும்.

மேசைக்கும் கிடங்குக்கும் எவ்வளவு வித்தியாசம்? 2006இன் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் தன் சொந்த மேசையிலிருந்து நொடிக்கு 86 ஜிகாபைட் வரை எடுக்கும். கிடங்கிலிருந்து அது வரும் சாலையான முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில், ஒரு திசையில் நொடிக்கு 4 ஜிகாபைட்தான். அதற்கும் முந்தைய ஏஜிபி சாலையில், அதன் கடைசி வடிவத்தில்கூட 2 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். அதனால்தான் நினைவகம் நிரம்பிய கேம் ஒரே சீராக மெதுவாவதில்லை. நன்றாகப் போய்க்கொண்டே இருந்து, ஒரு மூலை திரும்பியதும் அரை நொடி உறைந்து, மறுபடி ஓடும். அந்த அரை நொடியில் ஆள் கிடங்குக்குப் போயிருக்கிறார்.

நிரம்புவது எளிது. 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சர், புள்ளிக்கு நான்கு பைட் வீதம், 4 மெகாபைட். ஒரு காட்சிக்கு இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். கேம்கள் இவற்றைச் சுருக்கித்தான் வைக்கின்றன. வழக்கமான சுருக்கத்தில் நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ குறையும். 2004இன் ‘டூம் 3’ தன் உச்சத் தரத்தில் இந்தச் சுருக்கத்தையே கைவிட்டு, 512 மெகாபைட் கார்டு இருந்தால் நல்லது என்றது. அன்று பலரிடம் இருந்தவை 128, 256 மெகாபைட் கார்டுகள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதற்காக மெகாபைட் அதிகமென்றால் கார்டு வலுவானது என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றிய எண் இதுதான். 2009இல் வந்த ஜீஃபோர்ஸ் 210 கார்டு 1 ஜிகாபைட் நினைவகத்தோடும் விற்கப்பட்டது. முன்னே சொன்ன 8800 ஜிடிஎக்ஸில் இருந்தது 768 மெகாபைட்தான். ஆனால் 210இன் மேசையிலிருந்து பொருள் எடுக்கும் வேகம், நினைவகத்தின் வகையைப் பொறுத்து, நொடிக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 ஜிகாபைட்தான். மேசை பெரிது, உட்கார்ந்திருப்பவர்கள் சிலர், அவர்களுக்குக் கையும் எட்டாது.

## புள்ளிக் கணக்கு

ரெசல்யூஷன் என்பது ஒரு பிரேமில் எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்ற எண்ணிக்கை. 1024க்கு 768 என்றால் ஏறக்குறைய 7.9 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் 20.7 லட்சம். பழைய கார்டையும் பழைய கேமையும் அப்படியே வைத்துவிட்டு மானிட்டரை மட்டும் புதிதாக மாற்றியவர், “முன்பு நன்றாக ஓடிய கேம் இப்போது ஏன் தவழ்கிறது?” என்று கேட்டால் விடை இதுதான். அந்தக் கூடத்தின் வேலை இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. கேமின் அமைப்பில் ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும். படம் கொஞ்சம் மங்கும், வேகம் திரும்பும்.

இதே குமிழை ஒரு சோதனைக் கருவியாகவும் திருப்பலாம். ரெசல்யூஷனை 640க்கு 480 வரை இறக்கிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால், இவ்வளவு நேரம் திணறியவர்கள் ஓவியர்கள். அதாவது குறை கார்டில். எவ்வளவு இறக்கினாலும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், ஓவியர்கள் சும்மா உட்கார்ந்து அடுத்த சீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர்தான் எழுதி முடிக்கவில்லை. அப்போது புதுக் கார்டு வாங்குவது வீண் செலவு. ஐந்து நிமிடம் எடுக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்டை மாற்றிவிட்டு அதே எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கேம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2005 வாக்கில்தான் வீட்டுக் கணினிகளில் இரண்டு கருக்கள் கொண்ட செயலிகள், அதாவது ஒரே வாசலில் இரண்டு மேற்பார்வையாளர்கள், வரத் தொடங்கின. அதற்கு முன் எழுதப்பட்ட கேம்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு மேற்பார்வையாளரை நம்பி எழுதப்பட்டவை. உங்களிடம் நான்கு பேர் இருந்தாலும் ஒருவர் எழுதுவார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

சுருக்கமாக: அடிக்கடி உறைந்து உறைந்து ஓடினால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். ஒரே சீராக மெதுவாக ஓடினால் ரெசல்யூஷனை இறக்கிக் கார்டா செயலியா என்று பாருங்கள்.

## நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

பொதுக் கட்டளை மொழியை அந்தந்தக் கார்டின் சொந்த மொழிக்கு மாற்றித் தருகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். “புது டிரைவர் போடுங்கள்” என்பது எல்லா நோய்க்கும் எல்லாரும் சொல்லும் மருந்து. பழைய கேமைப் பொறுத்தவரை இந்த மருந்து சில சமயம் நோயாகவே மாறிவிடும்.

‘குவேக் 3’ காலத்து ஓப்பன்ஜிஎல் கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது அவை டிரைவரிடம் “உனக்கு என்னென்ன தெரியும்?” என்று கேட்கும். அன்றைய டிரைவரின் பதில் சில வரிகள். அதை எழுதி வைக்கக் கேமுக்குள் ஒரு சிறிய இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக டிரைவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. ஒரு நாள் அந்தப் பதில் ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் வழிந்து, கேம் திறந்த வேகத்தில் செத்து விழுந்தது. டிரைவர் அதிகம் கற்றுக்கொண்டதுதான் அங்கே குற்றம். இதற்காகவே சில டிரைவர்களில் பட்டியலைச் சுருக்கிச் சொல்லும் வசதி வைத்தார்கள்.

மாற்றம் விண்டோஸிலிருந்தும் வரலாம். 1998இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ 256 நிறங்கள் கொண்ட ஒரு வண்ணத்தட்டை வைத்து வரையப்பட்டது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் அந்தத் தட்டை வேறு நிரல்கள் இடையில் மாற்றிவிட, நிலமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகச் சிதறியது. அதைப் பார்த்து “கார்டு போய்விட்டது” என்று நினைத்தவர்கள் நிறைய. கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

எனவே பழைய கார்டுக்கு நான் சொல்லும் யோசனை, அந்தக் கார்டுக்கென்று வெளிவந்த கடைசி டிரைவரைப் போட்டுப் பாருங்கள். கேம் முரண்டு பிடித்தால், கேம் வந்த காலத்தை ஒட்டிய டிரைவருக்கு இறங்குங்கள் என்பதுதான். பழைய டிரைவரில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருக்கலாம். ஆகவே அதை இணையத்தில் இணைக்காத, கேமுக்கென்று ஒதுக்கிய கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கட்டளை மொழியைப் புதியதாக மாற்றித் தரும் இடைநிலை நிரல்களும் உண்டு. டிஜிவூடூ, டிஎக்ஸ்விகே போன்றவை அந்த வகை. இவற்றைப் பற்றிப் பலரும் மந்திரக்கோல்போலப் பேசுகிறார்கள். ஆனால் இவை பழைய கேமைப் புதிய கார்டில் ஓட்டுவதற்குப் பிறந்தவை. டிஎக்ஸ்விகே எல்லாச் சீட்டுகளையும் வல்கன் என்ற புதிய மொழிக்கு மாற்றுகிறது. 2012க்கு முந்தைய கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வல்கன் தெரியவே தெரியாது. பழைய கார்டுக்காரருக்கு இதைப் பரிந்துரைப்பது, தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் தமிழ்ப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைத் தருவதுபோல.

## தூசியும் வெப்பமும்

பத்து, பதினைந்து வருடம் உழைத்த கார்டு வாங்கிய அன்றிருந்த கார்டு அல்ல. சிப்புக்கும் அதன் மேல் இருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்து வெடித்திருக்கும். தகட்டின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். விசிறி முனகும். சூடு ஏறினால் பிற்காலத்துக் கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிகப் பழையவற்றுக்கு அந்தப் புத்தி கிடையாது, திரையில் புள்ளியும் கோடுமாகக் கிறுக்கிவிட்டு உறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். தொடங்கிய நொடியிலிருந்தே மெதுவாக ஓடினால் காரணம் வேறு. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு படிப்படியாகத் திணறினால் வெப்பம். கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டி எடுங்கள். பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டால் உயிர் வரும் என்ற யோசனை இன்னமும் உலவுகிறது. சில கார்டுகள் அப்படிச் சில நாள் எழுந்து உட்காரும். பிறகு மறுபடி படுத்துவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பதற்கு அது ஈடாகாது.

## எதைக் குறைப்பது?

கேமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இழுத்துவிடுவதுதான் வழக்கம். அது தேவையற்ற தண்டனை. முதலில் நிழல்களை இறக்குங்கள். விளக்கு நிற்கும் இடத்திலிருந்து காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்த்துத்தான் பெரும்பாலான கேம்கள் நிழலைக் கண்டுபிடிக்கின்றன. ஆகவே கூடத்துக்கு அது இரட்டை வேலை. அடுத்து, தண்ணீரின் பிரதிபலிப்பு. அதுவும் அதே கதை. மூன்றாவது, ஓரங்களின் பிசிறை மழுங்கடிக்கும் அமைப்பு. ஒரே புள்ளிக்குள் பல இடங்களைச் சோதித்துச் சராசரி எடுப்பதால், நினைவகத்தையும் நேரத்தையும் அது சேர்த்தே தின்கிறது.

டெக்ஸ்சர் தரத்தை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். மேசையில் இடம் இருக்கும்வரை பெரிய டெக்ஸ்சருக்கும் சிறிய டெக்ஸ்சருக்கும் வேகத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. இடம் தீர்ந்து, மூலை திரும்பும்போதெல்லாம் உறையத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள். எத்தனையோ பேர் நிழலை உச்சத்தில் விட்டுவிட்டு, முகமும் சுவரும் கூழாகத் தெரியும் அளவுக்கு டெக்ஸ்சரைக் குறைத்து, “பழைய கேம் பார்க்கச் சகிக்கவில்லை” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், அதே கார்டில் அதே கேம் வேறு மாதிரி தெரியும்.